மீன் அண்ணனுடையது... குளம் யாருடையது?

வெள்ளிக்கிழமை மதியம். குவைத்தில் அண்ணனுக்கு விடுமுறை. சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், கன்னடியன் கால்வாய் பாயும் வயக்காட்டில் நின்றுகொண்டு வீடியோ கால் போடுகிறான் தம்பி.

"அண்ணே, தெரியுதா? அந்தத் தென்னைக்கு இங்கிட்டு நம்ம அப்பா எடம். அங்கிட்டு மூணு ஏக்கர் வெலைக்கு வருது. அண்ணாச்சி நமக்கே குடுத்துருதேன்ங்காவ. ரெண்டையும் சேத்துக் குளம் வெட்டுனா கட்லா, ரோகுன்னு ஒரு பண்ணையே போட்டுரலாம்."

"வாங்கிப் போட்ருலே. ரூவாய நான் அனுப்புதேன். எம்பேர்லயே எழுதிரு."

பின்னால் நிற்கும் அம்மாவின் கவலை வேறு: "மீனுக்கு யாருலே தீனி போடுவா?"

பெயர் இல்லாத இந்தக் குடும்பத்தை நெல்லைச் சீமையில் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் பத்துப் பதினைந்து வருடம் உழைத்துவிட்டு, ஊருக்குத் திரும்பும்போது கையில் ஒரு தொழில் இருக்கட்டுமே என்று நினைக்கிறவர்களின் கணக்கில் இப்போது மீன் பண்ணைக்கும் ஒரு வரி உண்டு. யூடியூபில் வலையை இழுத்தால் வெள்ளி வெள்ளியாகத் துள்ளுகிறது. அந்த வீடியோக்களில் தீவன விலை வரும், குஞ்சு விலை வரும், லாபம் கட்டாயம் வரும். பத்திரம் யார் பெயரில் என்பது மட்டும் வராது.

அண்ணன் சொன்னதில் மற்றதெல்லாம் சரி. 'எம்பேர்லயே எழுதிரு' என்பது மட்டும் சட்டப்படி முடியாது.

வேலைக்காக வெளிநாடு போய் அங்கேயே வசிக்கும் இந்தியர், சட்டத்தின் கண்ணில் என்.ஆர்.ஐ. பாஸ்போர்ட் இந்தியாவுடையதுதான், ஓட்டுரிமை உண்டு, ஆதார் உண்டு. ஆனால் ஃபெமா எனப்படும் 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமும், அதன் கீழ் 2019-இல் வந்த விதிகளும் அவருக்கு ஒரு கோடு போட்டிருக்கின்றன. வீடு வாங்கலாம், வீட்டுமனை வாங்கலாம், கடை வாங்கலாம். விவசாய நிலம், தோட்ட நிலம், பண்ணை வீடு ஆகிய மூன்றையும் விலைக்கு வாங்கக்கூடாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்று ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவருக்கும் இதே கோடுதான்.

'நாங்கள் பயிரா வைக்கப் போகிறோம்? மீன்தானே வளர்க்கப் போகிறோம்?' என்று கேட்கத் தோன்றும். வாங்குகிற அன்று அந்த மூன்று ஏக்கரும் வருவாய்த் துறைப் பதிவேட்டில் நஞ்சை. வாங்கிய பிறகு அதில் குளம் வெட்டினாலும் கூடாரம் அடித்தாலும் வாங்கியது நஞ்சை நிலம்தான்.

'பத்திர ஆபீஸில் பதிந்துவிட்டார்களே, பிறகென்ன?' என்பது அடுத்த சமாதானம். சார்பதிவாளர் பார்ப்பது வில்லங்கம், முத்திரைத் தீர்வை, அடையாள ஆவணங்கள். பதிவு முடிந்துவிட்டதாலேயே ஃபெமா அனுமதி கிடைத்ததாக ஆகாது. பிற்பாடு கண்டுபிடிக்கப்பட்டால், சம்பந்தப்பட்ட தொகையைப்போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. அது பெரும்பாலும் நிலத்தை விற்கும்போதோ, விற்ற பணத்தை வங்கி வழியாக வெளியே எடுக்கும்போதோதான் தலைநீட்டும். பத்து வருடம் பேசாமல் கிடந்த விஷயம், மகள் கல்யாணச் செலவுக்குப் பணம் புரட்டும் வாரத்தில் எழுந்து நிற்கும்.

சரி, தம்பி பெயரில் வாங்கிவிடலாமே? ஊரில் எல்லோரும் சொல்லும் வழி இது. ஆபத்து அதிகம் உள்ள வழியும் இதுதான்.

பணம் ஒருவருடையது, பத்திரம் இன்னொருவர் பெயரில், அனுபவிக்கப் போவது பணம் கொடுத்தவர் என்றால் அதற்குப் பினாமி என்று பெயர். 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தை 2016-இல் திருத்திக் கடுமையாக்கினார்கள். சொத்து பறிமுதல்; ஓர் ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறை; சொத்தின் சந்தை மதிப்பில் கால் பங்கு வரை அபராதம். உடன்பிறந்தவர்களுக்கு அந்தச் சட்டத்தில் ஒரு விலக்கு இருப்பது உண்மை. ஆனால் பணம் கொடுத்தவர் பெயரும் பத்திரத்தில் கூட்டாக இருந்தால்தான் அந்த விலக்கு. அண்ணன் பெயரைப் பத்திரத்தில் போட ஃபெமா விடாது. போடாமல் வாங்கினால் பினாமிச் சட்டம் விடாது. இந்த இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்ட பாசக்கார அண்ணன் தம்பிகள் கொஞ்சப் பேர் இல்லை.

உண்மையிலேயே தம்பிக்குக் கொடுத்துவிட்டால் பிரச்னை இல்லை. அண்ணன் தம்பிக்கு எவ்வளவு பணம் அன்பளிப்பாக அனுப்பினாலும், உறவினர் கொடுத்தது என்பதால் தம்பிக்கு வருமான வரி கிடையாது. வங்கி வழியாக வந்த அந்தப் பணத்தில் தம்பி நிலம் வாங்கினால் அது தம்பியின் நிலம். ஆனால் முழுக்க முழுக்கத் தம்பியின் நிலம். நாளை அவன் பிள்ளைகளுக்குப் போகும். கடன்காரன் ஜப்தி செய்தால் அதையும் சேர்த்துத்தான் செய்வான். 'பேருக்குத்தான் உன்னுது, நான் வந்ததும் மாத்திக் குடுத்துரணும்' என்று வாட்ஸ்அப்பில் அண்ணன் ஒரு வரி போட்டாலும் போதும், அன்பளிப்பு மறுபடி பினாமியாகிவிடும்.

இன்னொரு வழியை ஆண்கள் பெரும்பாலும் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். மதினி. அண்ணனின் மனைவி, பிள்ளைகள் படிப்புக்காகப் பாளையங்கோட்டையில் குடியிருக்கிறார். அவர் என்.ஆர்.ஐ. இல்லை, எனவே அவர் விவசாய நிலம் வாங்க ஃபெமா தடையில்லை. கணவன் தன் கணக்கில் காட்டிய வருமானத்திலிருந்து மனைவி பெயரில் வாங்குவதைப் பினாமிச் சட்டமும் விலக்கி வைத்திருக்கிறது. அந்தச் சொத்திலிருந்து வரும் வருமானத்தைக் கணவனின் வருமானத்தோடு சேர்த்துக் கணக்கிடுவார்கள் என்பதை மட்டும் ஆடிட்டரிடம் சொல்லி வைக்க வேண்டும். நிலம் மதினியுடையது, அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு சென்ட் நகராது. இந்த ஏற்பாட்டில் சில வீடுகளில் ஆண்களுக்கு முகம் சுருங்குவதைப் பார்க்கலாம். சட்டம் என்னவோ இதைத்தான் சுத்தமான வழி என்கிறது. ஆனால் மதினியும் பிள்ளைகளோடு குவைத் போய்விட்டால் அவரும் என்.ஆர்.ஐ.தான். வாங்கும் நாளில் அவர் இங்கே வசிப்பவராக இருக்க வேண்டும்.

இத்தனையும் விலைக்கு வருகிற அந்த மூன்று ஏக்கரைப் பற்றி. தென்னைக்கு இங்கிட்டு இருக்கும் அப்பா நிலத்தின் கதை வேறு.

வெளிநாட்டில் இருப்பவர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்கத்தான் முடியாது, வாரிசாகப் பெறலாம். வெளிநாடு போகும் முன்பே வாங்கிய நிலத்தையும் வைத்துக்கொள்ளலாம். அப்படி வந்த நிலத்தை விற்பதென்றால் மட்டும் இந்தியாவில் வசிப்பவருக்கே விற்க வேண்டும்.

இங்கேதான் நல்ல எண்ணத்தோடு ஒரு தவறு நடக்கிறது. அப்பா உயிரோடு இருக்கும்போதே, 'பிள்ளைகளுக்குள்ள சண்டை வரக்கூடாது' என்று தான செட்டில்மென்ட் எழுதி வைக்கிறார். ஊரில் இருக்கும் மகனுக்கு எழுதினால் சரி. குவைத்தில் இருக்கும் மகனுக்கு விவசாய நிலத்தைத் தானமாக எழுதினால் அது செல்லாத காரியம். வீட்டைத் தானமாகக் கொடுக்கலாம், வயலைக் கொடுக்க முடியாது. அதே வயலை அப்பா உயிலில் எழுதி வைத்தால், அவர் காலத்துக்குப் பின் மகனுக்கு வாரிசுரிமையாக வந்து சேரும். அப்பாவின் மனதில் இருப்பது ஒன்றுதான். எழுதும் காகிதம் எது என்பதில் இருக்கிறது எல்லாம். பத்திரம் எழுதுகிறவர்களில் பலர் 'மகன் எங்கே வேலை பார்க்கிறார்?' என்று கேட்பதே இல்லை.

நம் அண்ணன் தம்பிக்கு அப்பா இல்லை. உயிலும் இல்லை. பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. தாமிரபரணிப் பாசனத்தில் இது சாதாரணம். மூன்று தலைமுறையாக நெல் விளைந்த வயலுக்குப் பட்டா மாற்ற யாருக்கும் அவசரம் இருந்ததில்லை. மீன் பண்ணை என்று விண்ணப்பம் போடும் அன்றுதான் அவசரம் வரும். தாசில்தாரிடம் வாரிசுச் சான்று, பிறகு பட்டா மாறுதல், பங்கு பிரித்து உட்பிரிவு என்று வரிசையாகப் போக வேண்டும்.

அந்த வாரிசுச் சான்றில் அண்ணன், தம்பி, அம்மா பெயர்களோடு இன்னொரு பெயரும் இருக்கும். வள்ளியூரில் கட்டிக்கொடுத்த தங்கச்சி.

தமிழ்நாடு 1989-லேயே மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்தது. அதற்கு முன் கல்யாணமான பெண்களுக்கு அதில் இடமில்லை. 2005-இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு வந்த மத்தியத் திருத்தம் அந்தக் குறையையும் நீக்கியது. மேலப்பாளையத்திலோ கடையநல்லூரிலோ இருக்கும் முஸ்லிம் குடும்பமென்றால் ஷரீஅத் கணக்கு, மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. எந்தக் கணக்கானாலும் தங்கச்சி கையெழுத்து இல்லாமல் அந்த நிலத்தில் குளம் வெட்ட முடியாது. 'அதெல்லாம் அவ கேக்க மாட்டா' என்று அண்ணன் சொல்வது பாசத்தில் வந்த நம்பிக்கையாக இருக்கலாம். வங்கியும் மீன்வளத் துறையும் அந்த நம்பிக்கையைக் கோப்பில் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

தங்கச்சி மனமுவந்து விட்டுக்கொடுக்கிறாள் என்றே வைத்துக்கொள்வோம். வழக்கமாக ஒரு விடுதலைப் பத்திரம் எழுதுவார்கள். அதைத் தம்பிக்கு எழுதலாம். அண்ணனுக்கு எழுதினால், அவர் தன் வாரிசுப் பங்குக்கு மேல் இன்னொருவர் பங்கையும் பெறுவதாகிவிடும். அது வாரிசுரிமை அல்ல. ஃபெமா மறுபடி குறுக்கே வரும். பாகப்பிரிவினை செய்து அவரவர் பங்கை அவரவர் பெயரில் பிரித்துக்கொள்வதுதான் நிம்மதி. பிரித்த பின், ஊரில் இருக்கும் தம்பி மற்றவர்களின் பங்கையும் குத்தகைக்கு எடுத்துப் பண்ணை நடத்தலாம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிப் பீரோவில் வைத்தால் அது பீரோவுக்குத்தான் பயன்படும். இந்தக் காகிதத்தில் தங்கச்சிக்கு வருடக் குத்தகை எவ்வளவு என்று ஒரு தொகை இருக்கும். அவள் புகுந்த வீட்டில் அந்தத் தொகைக்கு ஒரு மதிப்பு உண்டு.

இதில் கையெழுத்துப் போட அண்ணன் விமானம் ஏறி வர வேண்டியதில்லை. குவைத்தில் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் அதற்கு வழி சொல்வார்கள். எதற்கெல்லாம் அதிகாரம் என்று பத்திரத்தில் பிரித்து எழுத வேண்டும். பாகப்பிரிவினைக்கும் குத்தகைக்கும் கொடுக்கிற அதிகாரத்தில், பழக்க தோஷத்தில் 'விற்கவும்' என்று ஒரு சொல் நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

பண்ணையில் போடும் பணத்துக்கும் ஒரு பாதை உண்டு. வெளிநாட்டில் வசிப்பவர் பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. இந்திய வருமானம் வந்து சேர என்.ஆர்.ஓ. கணக்கும், வெளிநாட்டுச் சம்பாத்தியத்துக்கு என்.ஆர்.இ. கணக்கும் வேண்டும். மீன் வளர்ப்பில் வெளிநாட்டு முதலீடு நூறு சதவிகிதம், முன் அனுமதி இல்லாமலே வரலாம் என்று மத்திய அரசின் கொள்கை சொல்கிறது. இதைப் படித்துவிட்டுத்தான் பலர் 'எல்லாம் அனுமதி இருக்கு' என்று கிளம்புகிறார்கள். அது கம்பெனி ஆரம்பித்துப் பங்கு முதலீடாகப் பணம் கொண்டுவருகிறவர்களுக்கான வழி. பங்கு ஒதுக்கிய 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும், வருடாவருடம் தணிக்கை, கம்பெனிப் பதிவாளருக்குக் கணக்கு. ஐம்பது ஏக்கர் திட்டத்துக்குச் சரி. மூன்று ஏக்கர் குளத்துக்கு ஆடிட்டர் சம்பளமே தீவனச் செலவை எட்டிவிடும். தனி நபர் நிறுவனமாகவோ பங்குதாரராகவோ என்.ஆர்.ஐ. பணம் போடுவதென்றால், அந்த நிறுவனம் விவசாயமோ ரியல் எஸ்டேட்டோ செய்யக்கூடாது என்று விதி. தன் பண்ணை எதில் சேரும் என்பதை ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் அண்ணன் தன் பெயரைப் போடக்கூடாது. சின்னப் பண்ணைக்கு, ஊரில் இருக்கும் தம்பியோ மதினியோ உரிமையாளராக நடத்த, அண்ணன் அன்பளிப்பாகப் பணம் அனுப்புவதுதான் நடைமுறையில் ஓடுகிறது.

வருமான வரியில் ஒரு வேடிக்கை. நிலம் விவசாய நிலம் என்பதால் அண்ணனால் வாங்க முடியவில்லை. ஆனால் அதில் மீன் பிடித்து விற்ற பணம் விவசாய வருமானம் ஆகாது; வியாபார வருமானம், வரி உண்டு. பத்திரம் பேசும்போது விவசாயம், பணம் எண்ணும்போது வியாபாரம். மின்சாரத்திலும் இப்படித்தான். நெல்லுக்குக் கொடுத்த இலவச மின் இணைப்பில் மீன் குளத்து மோட்டாரையும் காற்றூட்டும் கருவியையும் ஓட்டக்கூடாது. மீன் வளர்ப்புக்குத் தனிக் கட்டண வகையில் இணைப்பு வாங்க வேண்டும். பக்கத்து வயல்காரருக்கு மனஸ்தாபம் வந்தால் முதலில் போகும் புகார் இதுதான்.

உள்ளூர் அனுமதிகளுக்கு வருவோம். சொந்தப் பட்டா நிலத்தில் நன்னீர் மீன் வளர்க்க மலைபோல் லைசென்ஸ் எதுவும் தேவையில்லை. திருநெல்வேலி மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போய், மீன் வளர்ப்போர் மேம்பாட்டு முகமையில் உறுப்பினராகச் சேர்வது முதல் வேலை. மத்திய அரசு 2024-இல் தொடங்கிய தேசிய மீன்வள டிஜிட்டல் தளத்திலும் பதிந்துகொள்ளலாம். 2020-இல் வந்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் புதுக் குளம் வெட்ட ஹெக்டேருக்கு 7 லட்சம், குஞ்சு, தீவனம் போன்ற இடுபொருளுக்கு 4 லட்சம் என்று செலவைக் கணக்கிட்டு, பொதுப் பிரிவினருக்கு 40 சதவிகிதமும் பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் 60 சதவிகிதமும் மானியம் வைத்தார்கள். மதினி பெயரில் இரண்டரை ஏக்கர் என்றால் 11 லட்சத்தில் 6 லட்சத்து 60 ஆயிரம். ஆனால் நிதி வருடத்துக்கு வருடம் மாறும். மானியம் வேலை முடிந்து அதிகாரிகள் பார்த்த பிறகே வரும். அனுமதி வரும் முன்பு ஜே.சி.பி.யை இறக்கிவிட்டுப் பிறகு விண்ணப்பித்தால் கிடைப்பது கஷ்டம். குத்தகை நிலமென்றால் பதிவு செய்த நீண்டகாலக் குத்தகைப் பத்திரம் கேட்பார்கள். பீரோ பத்திரம் இங்கும் உதவாது.

தோண்டும் மண் இன்னொரு சமாசாரம். அதே இடத்தில் கரை போட்டால் ஒன்றுமில்லை. லாரியில் ஏற்றி வெளியே அனுப்பினால் கனிமவளத் துறை அனுமதி வேண்டும். 'மண்ணுக்குக் காசு தாறேன், குளத்தைச் சும்மா வெட்டித் தாறேன்' என்று யாராவது வந்தால், வழக்கு வரும்போது பட்டாக்காரர் பெயரில்தான் வரும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

தாமிரபரணிக் கரையில் நிலம் பார்க்கிறவர்கள் கட்டாயம் விசாரிக்க வேண்டியது, அது கோயில் நிலமா, மடத்து நிலமா என்பது. ஆற்றின் இரு கரையிலும் தலைமுறை தலைமுறையாகக் குத்தகைக்கு உழுகிற கோயில் நிலங்கள் நிறைய. உழுகிறவர் தன் நிலம்போலவே பேசுவார். அவர் மனதில் பொய் இருக்காது. ஆனால் அறநிலையத் துறைச் சட்டப்படி, கோயில் நிலத்தை விற்கவோ ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ ஆணையரின் அனுமதி வேண்டும். பட்டாவையும் வில்லங்கத்தையும் குவைத்திலிருந்தபடியே அரசு இணையதளங்களில் பார்க்கலாம். முன்பணம் கொடுக்கும் முன் அந்த அரை மணி நேரத்தை அண்ணன் செலவிட வேண்டும்.

அடுத்தது தண்ணீர். கன்னடியன் கால்வாய் காருக்கும் பிசானத்துக்கும் நெல்லுக்காகத் திறக்கப்படுவது. அதில் மோட்டாரை இறக்கித் தன் குளத்துக்கு எடுக்க யாருக்கும் உரிமை இல்லை. நீர்வளத் துறை அனுமதி வேண்டும். கோடையில் கால்வாயில் தண்ணீரே இருக்காது, மீனுக்கோ வருடம் முழுக்க வேண்டும். ஆக, கிணறோ போரோ இல்லாத இடத்தில் பண்ணை நினைப்பே வேண்டாம். குளத்தை வடிக்கும் தண்ணீர் யார் வயலில் போய் நிற்கும் என்பதையும் முதலிலேயே பக்கத்து வயல்காரரோடு பேசி முடித்துவிடுவது உத்தமம்.

என்ன மீன் விடலாம் என்பதிலும் சட்டம் இருக்கிறது. கட்லா, ரோகு, மிர்கால், புல்கெண்டை ஆகியவற்றுக்குத் தடையில்லை. குஞ்சுக்கு மணிமுத்தாறு அரசு மீன் பண்ணை பக்கத்திலேயே இருக்கிறது. ஏக்கருக்கு நாலாயிரம் குஞ்சு என்பது வழக்கமான கணக்கு. பராமரிப்பு சரியாக இருந்தால் வருடத்தில் கிலோ அளவுக்கு வரும். கிஃப்ட் திலேப்பியா வளர்க்க மீன்வளத் துறையிடம் தனி அனுமதி பெற வேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்தி கூடவே கூடாது. மத்திய அரசு எப்போதோ தடை செய்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் 2019-இல் அழிக்கச் சொன்னது. சீக்கிரம் வளரும், எதைப் போட்டாலும் தின்னும் என்று ஆசை காட்டுவார்கள். வெள்ளத்தில் ஒன்று தப்பி ஆற்றுக்குள் போனால் அயிரையும் உளுவையும் அதன் வயிற்றுக்குள். அதிகாரிகள் வந்தால் குளத்தோடு அழிப்பார்கள். நஷ்ட ஈடு கிடையாது.

பறவைகளும் விருந்துக்கு வரும். கூந்தன்குளமும் திருப்புடைமருதூரும் ஊர்க்காரர்களே பறவைகளைக் காக்கிற இடங்கள். நீர்க்காகமும் பாம்புத்தாராவும் அங்கிருந்து கிளம்பினால் குளத்துக்குக் குளம் இறங்கிப் பார்க்கும். ஆற்றில் நீர்நாய் உண்டு. இவற்றைச் சுடுவதும் விஷம் வைப்பதும் வனஉயிரினச் சட்டப்படி குற்றம். குளத்துக்கு மேல் வலையோ கயிறோ கட்டுவதுதான் வழி; அந்தச் செலவையும் திட்டத்தில் எழுத வேண்டும்.

பிடித்த மீனை முழுசாக, கரையிலேயே விற்கும் வளர்ப்பாளருக்கு உணவுப் பாதுகாப்பு உரிமம் தேவையில்லை. வெட்டிச் சுத்தம் செய்து பாக்கெட் போட்டு வண்ணார்பேட்டையில் கடை திறந்தால் தேவை.

கடலோரத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இது அத்தனையும் போதாது. உவரிப் பக்கமோ, ஆறு கடலில் சேரும் புன்னக்காயல் பக்கமோ உப்புத் தண்ணீரில் இறால் வளர்ப்பதென்றால், 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னையில் இருக்கும் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவு ஐந்து ஆண்டுக்கு. இந்தச் சட்டம் சும்மா வரவில்லை. 1990-களில் தஞ்சை, நாகை வட்டாரத்தில் நெல் வயல்கள் இறால் குளங்களாகிக் குடிநீர்க் கிணறுகள் உப்பானபோது, சர்வோதயத் தலைவர் எஸ்.ஜகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11-இல் வந்த தீர்ப்பு, விவசாய நிலத்தை இறால் குளமாக மாற்றக்கூடாது என்றது. 2023-இல் சட்டத்தைத் திருத்தி, சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு அபராதமாக்கினார்கள். வயலை இறால் குளமாக்க இன்றும் பதிவு கிடைக்காது.

அம்மா கேட்ட கேள்வி பாக்கி. தீனி யார் போடுவது?

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி இரு கரையையும் தாண்டி ஓடியது. ஆற்றோரக் குளங்களில் இருந்த மீன் எந்தக் குளத்து மீன் என்று கேட்க ஆளில்லாமல் போனது. அப்படி ஓர் இரவில் கரையில் நிற்கப் போவது வெளிநாட்டில் இருப்பவர் அல்ல. கரை உயரத்தை முடிவு செய்வதும், வெள்ளம் வரும் முன் மீனைப் பிடித்து விற்கலாமா என்று நள்ளிரவில் தீர்மானிப்பதும் தம்பிதான். ஆகவே தம்பிக்குச் சம்பளமா, லாபத்தில் பங்கா, நஷ்டம் வந்தால் யாருக்கு என்பதை எழுதிக்கொள்ள வேண்டும். எந்தச் சட்டமும் இதைக் கேட்பதில்லை. ஆனால் ஊரில் மீன் பண்ணைகள் மூடிய கதைகளை விசாரித்தால், மீன் செத்து மூடியதைவிடப் பேச்சு நின்று மூடியதாகத்தான் அதிகம் சொல்கிறார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வீடியோ காலில் மூன்று பேர். தங்கச்சியும் வள்ளியூரிலிருந்து சேர்ந்துகொண்டாள். விலைக்கு வந்த மூன்று ஏக்கரை இப்போதைக்கு விட்டுவிடுவது, அப்பா நிலத்தைப் பாகம் பிரித்துத் தம்பி பெயரில் குத்தகை எழுதி, முதலில் ஒரு ஏக்கரில் மட்டும் குளம் வெட்டிப் பார்ப்பது என்று பேச்சு முடிந்தது.

"குத்தகை எவ்ளோண்ணே?" என்றாள் தங்கச்சி. வரப்பில் நின்ற தம்பி சிரித்துவிட்டான். "நீயே சொல்லு தாயி."

இன்னும் நான்கு வருடத்தில் அண்ணன் குவைத்தை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிடுவதாகத் திட்டம். வந்து, வங்கியில் சொல்லி என்.ஆர்.ஐ. கணக்குகளை மாற்றி, சட்டப்படி இந்தியாவில் வசிப்பவர் ஆகிவிட்டால், அவர் பெயரிலேயே விவசாய நிலம் வாங்க ஃபெமா தடையில்லை. தென்னைக்கு அங்கிட்டு இருக்கும் அந்த மூன்று ஏக்கர் அப்போதும் விலைக்கு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.